வீட்டுக்காரர் திறக்காத கதவு

பெரியம்மை பரவிய அந்தக் கோடையில், "வீட்டுக்காரர் என்னை உள்ளே விடலை சார்" என்று புதிதாக வந்த நர்ஸ் ஜூடித் சொன்னதும், சுகாதார இன்ஸ்பெக்டர் கொர்னேலியஸ் எரிச்சலோடு அவளை அழைத்துக்கொண்டு லாலாகுடாவில் இருந்த அவள் வீட்டுக்கு வந்தார்.

"மிஸ்டர் எட்மண்ட், இந்தத் தெருவுல எத்தனை பேருக்குத்தான் சொல்றது? அம்மை வார்டுல வேலை பார்க்கிறவங்களை வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாதுன்னு கவர்மென்ட் ஆர்டர். கதவைத் திறங்க!"

"நக்கோ சார், வேணாம், ஒட்டிக்கும்" என்றார் எட்மண்ட், ஜன்னல் வழியாக.

"அவங்க அம்மை குத்திக்கிட்டவங்கய்யா! வாடகைக்கு இருக்கிறவங்களைத் தெருவுல நிறுத்தினா வீட்டுக்காரர் மேல கேஸ் போடுவேன்."

"வாடகையா? நான் அந்த வீட்டுக்காரன் இல்லை சார். ஜூடித் என் பெண்டாட்டி."

கொர்னேலியஸ் ஜூடித்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வார்டுக்கே போயிடலாம் சார்" என்றாள் ஜூடித். "அங்கே என்னைப் பார்த்து யாரும் பயப்படறதில்லை."