எல்லாருக்கும் போன மெயில்

ஊழியர் கிளினிக் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருவருக்குப் போகவேண்டிய மெயில், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நானூறு பேருக்கும் போய்விட்டது.

"மனச்சோர்வு குறையவில்லை. மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறேன். தவறாமல் வாருங்கள்."

நல்ல வேளை, பெயர் போடவில்லை. பெயர் வெளியே வந்தால் அந்த ஆள் இனிமேல் கிளினிக் பக்கமே வரமாட்டார். வேலைக்கு வருவதும் சந்தேகம்.

பதறிப்போய் இன்னொரு மெயில் தட்டினார். "முந்தைய மெயிலைத் திறக்காதீர்கள்."

அதுவரை திறக்காதவர்களும் திறந்து படித்தார்கள்.

கேன்டீனில் அதே பேச்சு.

"எக்ஸ்ரே ஆளா இருக்குமோ? ரெண்டு மாசமா வாயே திறக்கறதில்லை."

"பார்மசி பொண்ணு நேத்து அழுதுட்டு நின்னுச்சுப்பா."

"ஆபரேஷன் தியேட்டர் ஆளா இருந்தா கஷ்டம். கையில கத்தியைக் குடுத்துட்டு யாரு பக்கத்துல நிக்கிறது?"

சிரிப்பு. எக்ஸ்ரேக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

மத்தியானம் மூன்றாவது மெயில். இதுவும் நானூறு பேருக்கும். அனுப்பியது தலைமை நர்ஸ்.

"அது எனக்கு எழுதிய மெயில். ஆள் தேடியது போதும். அவரவர் வேலையைப் பாருங்கள்."

பேச்சு அப்படியே திரும்பியது.

"ஊரைக் கூட்டிச் சொல்றாங்க பாரு, கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

"அதான் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தாங்களா!"

"அடுத்த மாசம் மேட்ரன் ஆகவேண்டியவங்க. இனிமே எங்க?"

டாக்டருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கோப்புகளைப் புரட்டினார். தலைமை நர்ஸ் ஒரு நாள்கூட அவரிடம் வைத்தியத்துக்கு வந்ததில்லை. இந்தம்மா எதற்கு நடுவில் புகுந்தார்?

வார்டுக்கு ஓடினார். தலைமை நர்ஸ் ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு நர்சுகள் குசுகுசுவென்று பேசியபடி நகர்ந்தார்கள்.

"என்ன சிஸ்டர் இது? அந்த மெயில் உங்களுக்கு அனுப்பினதே இல்லையே!"

"தெரியும் டாக்டர்."

"மேட்ரன் போஸ்டிங் கை விட்டுப் போயிடும்."

"போகட்டும்."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ, யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?"

சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாருன்னு எனக்குத் தெரியாது டாக்டர். நீங்களும் சொல்லிடாதீங்க."