முதல் பரிசுக் கேமரா

“எனக்கு எதுக்கு சம்பந்தி கேமரா? ஜெயிச்சது நீங்க. உங்களுக்குப் பிடிச்சதாப் பார்த்து எடுங்க” என்று சொல்லி, கண்ணாடி மேசைமேல் இருந்த சின்னக் கேமராவை மறுபடியும் கணக்கு வாத்தியார் பக்கம் நகர்த்தினார் அவருடைய மாப்பிள்ளையின் அப்பா.

வாத்தியார் அதைத் தொடவில்லை. “எனக்குப் படமெல்லாம் எடுக்க வராது. மலைக்குப் போனா பூ, பூச்சி எதையும் விடாத ஆளு நீங்கதான். உங்க கைக்குத் தோதா இருக்கணும்னுதானே கூட்டிட்டு வந்தேன்” என்று திருப்பி நகர்த்தினார்.

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. நடைப்பயிற்சிச் சங்கம் நடத்திய முதியோர் மலையோட்டத்தில் முதலில் வருபவருக்கு, அவர் கேட்கிற சின்னக் கேமராவைத் தருவதாக வாக்குக் கொடுத்தவர் அவர்தான். ஓசியில் வருகிற பொருளை இப்படி ஆளுக்கொரு பக்கம் தள்ளி அவர் பார்த்ததே இல்லை.

“சரி, ரெண்டு பேரும் பொதுவாச் சொல்லுங்க. மலை ஏறும்போது எடுத்துட்டுப் போகவா, ஓடும்போதா?”

“ரெண்டுக்கும்தான்” என்றார் சம்பந்தி. “பேன்ட் பையில அடங்கணும். ஓடும்போது தொடையில இடிக்கக் கூடாது.”

“அப்ப இதைப் பாருங்க. மழையில நனையலாம், கல்லு மேல விழலாம். ஒத்தைக் கையால எடுக்கலாம், கை ஆடினாலும் படம் ஆடாது.”

சம்பந்திக்கு ஆசை தாங்கவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்குள்ளேயே நின்ற இடத்தில் நாலு குதி குதித்துப் பார்த்தார். சட்டென்று என்ன நினைத்தாரோ, முகம் வாடி, அதை எடுத்து வாத்தியார் முன்னால் வைத்துவிட்டார்.

கடைக்காரர் விடுவதாக இல்லை, இன்னொரு பெட்டியைத் திறந்தார். “இது அதைவிட விசேஷம். எங்க நின்னு எடுத்தீங்க, எந்த வழியாப் போனீங்க, எல்லாத்தையும் மேப்ல கோடு போட்டுக் காட்டிடும்.”

“அது வேண்டாம்” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வாத்தியார் அவசரமாக அந்தப் பெட்டியை மூடி வைத்தார். சேறு நிறைந்த ஓடைக்கரையைச் சுற்றிப் போகிற பாதையில்தான் ஓட்டத்தன்று வழிகாட்டும் கொடி கட்டியிருந்தார்கள். முழங்கால் வலி உயிரை வாங்க, முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் புகுந்துவிட்டார். சத்தியமாக ஜெயிக்க நினைக்கவில்லை. சீக்கிரம் போய் எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது.

எல்லைக்கோட்டு ரிப்பன் நெஞ்சில் பட்டு அறுந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் மாலை விழுந்துவிட்டது. அடுத்து வந்த சம்பந்தி கட்டிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக, முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்த தபால்காரரும் கைகுலுக்கினார்.

விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பிள்ளைக்கு முட்டை போட்டே காலம் தள்ளிய மனுஷர் வாத்தியார். இப்போது நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய உறுத்தல், மகள். “மாமா உங்க போட்டோவைப் பெருசாக்கி ஹால்ல மாட்டியிருக்காருப்பா. வர்றவங்ககிட்டெல்லாம் எங்கப்பான்னு காட்டிட்டிருக்கேன்” என்று நேற்று போனில் அப்படிப் பூரித்துப்போனாள். உண்மையைச் சொன்னால் அவள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? சொல்லாவிட்டால் சம்பந்திக்குச் செய்கிற துரோகம். கேமராவையாவது அவர் கையில் சேர்த்துவிட்டால் மனசு ஆறும் என்று இழுத்து வந்தால், மனுஷர் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார்.

“முதல்ல காட்டினதே இருக்கட்டும்” என்று கடைக்காரரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வாத்தியாரே, நீங்க கையில வாங்குற மாதிரி ஒரு போட்டோ எடுத்து நம்ம கடையில மாட்டிடலாம். இருங்க, பெட்டி எடுத்துட்டு வர்றேன்.” அவர் உள்ளே போனார்.

இன்னொரு சுவரிலுமா? வாத்தியாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“சம்பந்தி, இந்தக் கேமரா உங்களுது” என்றார். “நான் ஓடைப் பக்கமே போகல. பாறைக்கு நடுவுல இருக்கற குறுக்கு வழியில இறங்கி வந்துட்டேன். நியாயமா முதல்ல வந்தது நீங்கதான். என்னை என்ன வேணாலும் திட்டுங்க. இதை வெச்சு என் பொண்ணை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க.”

சம்பந்தி நிமிரவே இல்லை. கேமராவின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. போச்சு, உறவே போச்சு என்று வாத்தியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“நீங்க அந்த வழியில வந்தது எனக்குத் தெரியும்” என்றார் சம்பந்தி கடைசியில்.

“தெரியுமா? எப்படி?”

சம்பந்தி, கடைக்காரர் வருகிறாரா என்று ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதே வழியில உங்களுக்கு முன்னாடி போயிட்டிருந்த நான், நீங்க வர்றதைப் பார்த்துட்டுதானே பாறை மறைவுல ஒளிஞ்சேன்.”