ரொட்டிக்குள் குழந்தை

"யார் வாயில இருக்கு? மரியாதையா துப்பிடுங்க," என்றான் ரூபேன்.

மேசையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. உள்ளே வைத்துச் சுட்ட குட்டிப் பொம்மைக் குழந்தையை மட்டும் காணோம். மெக்சிகோ வழக்கப்படி, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று அது யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரியில் குடும்பத்துக்கே தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கு வந்துவிட்டால், தொட்டில் வாங்கச் சொல்லிக் கேலியும் சேர்ந்துகொள்ளும்.

"அம்மாதான் முழுங்கியிருக்கும். ஒரு பேசோ காசு செலவாகும்னா கல்லையே முழுங்கும்."

"வாய மூடுடா," என்றபடி ரூபேனின் அம்மா தோமாசா சூடான சாக்லேட்டை உறிஞ்சினாள்.

ரூபேன் தன் அண்ணன் மனைவி நயேலி பக்கம் திரும்பினான். "என்ன அண்ணி, சத்தத்தையே காணோம்? தொட்டிலுக்குச் சொல்லிடவா?"

"விடுடா அவள," என்றான் அவள் கணவன் அன்செல்மோ.

நயேலி தட்டையே பார்த்தாள். மார்பகப் புற்றுநோய்க்கு எட்டுத் தவணை கீமோ முடிந்து ஒன்றரை வருஷம். கொட்டின முடி திரும்ப முளைத்தது. மாதவிலக்கு திரும்பவில்லை. நேற்றுத்தான் டாக்டர் உடைத்துச் சொன்னார். "கட்டியக் கொன்ன மருந்து சினைப்பையையும் விட்டு வைக்கலம்மா. இனிமே கருமுட்டை வர்றது கஷ்டம்." சிகிச்சைக்கு முன்பே கருமுட்டையை எடுத்து உறையவைத்திருக்கலாமாம். அப்போது உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தது. அதை யாரும் சொல்லவுமில்லை. முப்பத்திரண்டு வயதில் எல்லாம் முடிந்துபோனது.

வீட்டில் அன்செல்மோவுக்கு மட்டும்தான் தெரியும். பேரப்பிள்ளை எப்போது என்று வாராவாரம் கேட்கும் மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"சரி, சோதனை போட்டுடுவோம்," ரூபேன் எழுந்தான். "எல்லாரும் கைய விரிச்சுக் காட்டுங்க. அண்ணி, முதல்ல நீங்க."

நயேலிக்கு முகம் வெளிறியது. ரூபேன் அவள் நாற்காலிக்கு அருகில் வந்துவிட்டான்.

தோமாசா கோப்பையை ணங்கென்று வைத்தாள். "நான்தான்டா முழுங்கினேன். போதுமா? தமாலே நானே அவிச்சுத் தொலைக்கறேன்."

"நான் சொன்னேன்ல!" வீடே சிரித்தது. கருமி, கஞ்சம் என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். தோமாசா தட்டுகளை அடுக்கினாள். நயேலியின் தட்டை எடுக்கக் குனிந்தவள் அவள் காதோரம் சொன்னாள்.

"நேத்து நீங்க ரெண்டு பேரும் அழுதது கேட்டுச்சும்மா. கையத் திறக்காத."

மேசைக்கடியில், நயேலியின் இறுக மூடிய கைக்குள், அந்தப் பொம்மைக் குழந்தை வியர்வையில் நனைந்து கிடந்தது.