சேராத கேபிள்

அவன் என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்பது ஸ்டோர் கீப்பருக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. சார் என்றிருக்கலாம். ஐயா என்றும் இருக்கலாம். சார்ஜர் கேட்டது மட்டும் நிச்சயம்.

“கொஞ்ச நேரம் குடுப்பீங்களா? போன் சுத்தமா செத்துப் போச்சு.”

பஸ் நிலையத்தின் காத்திருப்பு அறையில் வேலை செய்த ஒரே பிளக்கை ஸ்டோர் கீப்பர் பிடித்து வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதபடி பையைப் போட்டிருந்தார். மடியில் போன். குழந்தைக்குப் பால் கொடுப்பவளைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “இது உங்க போனுக்குச் சேராது தம்பி.”

சொல்லிவிட்டோம் என்பதே சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கில் காலம் தள்ளியவர். யார் வந்து எதைக் கேட்டாலும், கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே, அந்த மெஷினுக்கு இது சேராது என்று அனுப்பிவிடுவார். கொடுத்தால் குறையும், கொடுக்காவிட்டால் இருக்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘சேராது சார்’ என்றுதான் பெயர்.

சார்ஜர் விஷயத்திலும் அந்தச் சொல் வெகுகாலம் செல்லுபடியானது. தடிப் பின், ஊசிப் பின், தட்டைப் பின் என்று போனுக்கொரு வாய் இருந்த காலம். சேராது என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

இந்தப் போனை வாங்கியபோது கடைக்காரர் சொல்லத்தான் செய்தார், இனிமேல் எல்லாவற்றுக்கும் ஒரே கேபிள் என்று. காதில் விழுந்தது. நாக்குவரை போகவில்லை.

இளைஞன் தன் போனைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். பிறகு ஸ்டோர் கீப்பரின் கேபிளைப் பார்த்தான்.

ஸ்டோர் கீப்பரும் பார்த்துவிட்டார். அதே துளை.

“ஓ. சேராது போல,” என்றான் அவன். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஸ்டோர் கீப்பருக்குக் காது மடல் சுட்டது. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கேபிளை உருவி, அட, சேரும் போலிருக்கே என்று நீட்டினால் முடிந்தது. எந்த முகத்தோடு நீட்டுவது? தவிர, சார்ஜ் இன்னும் பாதிகூட ஏறவில்லை. பஸ் ஊருக்குள் நுழைந்ததும் மகள் இந்தப் போனில்தான் கூப்பிடுவாள்.

நான்கு வருடம் கழித்து வருகிறாள். புருஷனோடு.

நம் குடும்பத்துக்குச் சேராது என்று அந்தப் பையனைப் பார்க்காமலே மறுத்தவர் இவர்தான். கல்யாணத்துக்குப் போகவில்லை. மனைவி படம் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கோபம் தானாக வடிந்துவிட்டது. அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

காலையில் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். “மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்காதீங்க. மாப்பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுங்க. காசா, பணமா?”

இரண்டு வார்த்தையைத் தயாராகத்தான் வைத்திருந்தார். ‘வாங்க மாப்பிள்ளை.’ ஒலி வராமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

போன் அடித்தது.

பதறிப்போய் மடியைப் பார்த்தார். அவருடையது இல்லை.

பக்கத்தில் இருந்தவனின் சட்டைப்பையில், சுத்தமாகச் செத்துப்போன அந்தப் போன், வெளிச்சமாக அடித்துக்கொண்டிருந்தது.

அவன் சட்டென்று எழுந்து முதுகைக் காட்டி நின்றான். மெதுவாகத்தான் பேசினான். ஒரு நாற்காலி தூரம்தானே.

“இரும்மா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அப்பா கொஞ்சம் டென்ஷனா இருக்காரு போல. நீ டீயைக் குடிச்சுட்டு மெதுவா வா.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், டீக்கடை ஓரம், பெட்டிகளுக்கு நடுவில், ஸ்டோர் கீப்பரின் மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் இந்த நாற்காலிகள் நன்றாகத் தெரியும். முந்தைய பஸ்ஸிலேயே வந்துவிட்டிருக்கிறார்கள்.

பேச்சைத் தொடங்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஸ்டோர் கீப்பருக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கேபிளைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார்.

டாக்ஸியில் மகள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கிட்டீங்க?”

“சார்ஜர் கேட்டேன். பின் சேரல,” என்றார் மாப்பிள்ளை.

மகள் அப்பாவின் கையில் சுருண்டிருந்த கேபிளைப் பார்த்தாள். கணவனுக்கு அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தயாராக வைத்திருந்த இரண்டு வார்த்தை வீடு வரும்வரை வெளியே வரவில்லை. வாசலில் அதை மனைவி சொன்னாள்.

பின்னாளில் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் மாப்பிள்ளைதான். மகளுக்கு ஒரு பெண் குழந்தை. தாத்தாவை விட்டு இறங்காது. ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற்றுவிட்டார். பஸ் நிலையத்தைப் பற்றி யாரும் பேச்செடுத்ததே இல்லை. விடுமுறைக்கு வந்தால் வீடு முழுக்க ஒரே கேபிளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் தன்னுடையதைப் பையில் கொண்டுவந்துவிடுகிறார்.