உப்பில்லாத முட்டை

"ரெண்டு முட்டை அவிச்சுக் குடு தைலா. உப்பு வாணாம். வெள்ளை மட்டும் போதும்."

மரவள்ளிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த தைலம்மாள் தலை நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு?"

"டாக்டரம்மா துன்னச் சொல்லிச்சு. குடிச்சுக் குடிச்சு ஈரலு சத்து செய்யிற வேலைய வுட்டுடுச்சாம். அதான் கால்ல தண்ணி கோத்துக்கினு வீங்குதாம்."

"ஓகோ. போன வருசம் சளிக்கு பிராந்தி குடிக்கச் சொன்னதும் இந்த டாக்டரம்மாதானா?"

அவள் கணவன் சின்னக்கண்ணு போய்ப் படுத்துக்கொண்டான்.

இருபது வருடமாக அந்த வீட்டில் முட்டை அவிந்தால் பின்னாலேயே பாட்டிலும் வரும். குடியை விட்டு மூன்று மாதம் ஆகிறது என்றான். இதற்கு முன்பும் நாலைந்து முறை விட்டவன்தான். ஒரு முறை மகள் ஷாலினியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அன்று சாயங்காலமே கரியாலூர் பஸ் நிறுத்தத்தில் விழுந்து கிடந்தான்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அவன் தனியாகத்தான் போய் வந்திருந்தான். அன்றைக்கு அவளுக்குக் கிழங்கு பிடுங்கும் வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இங்கிலீஷில் இருந்தது. மாத்திரைகளை மட்டும் அவள் வேளை தவறாமல் கொடுத்தாள். கண் மஞ்சளாக இருந்ததால் பத்தியமும் வைத்தாள். காமாலைக்காரனுக்கு முட்டை, மீன், பருப்பு மூன்றும் ஆகாது என்று ஊரே சொன்னது. மூன்று வேளையும் கஞ்சியும் மோரும்தான்.

வீட்டில் ஐந்து கோழிகள் இருந்தன. விடிந்ததும் அவன் கைக்கு எட்டாமல் முட்டைகளை எடுத்துப் பக்கத்து வீட்டுக் கோகிலவாணியிடம் கொடுத்துவிடுவாள். ஒரு நாள் அவன் அங்கேயே போய், ஒரே ஒரு முட்டை கொடு என்று கேட்டிருக்கிறான். தைலம்மாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"வாய ஊது."

ஊதினான். வாடை இல்லை. அதற்கும் ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"நெஜமாத்தான் சொன்னாங்க தைலா" என்றான். அதன் பிறகு அவன் கேட்கவே இல்லை.

ஒன்றரை மாதத்தில் வேட்டி கட்ட முடியாத அளவுக்கு வயிறு வீங்கியது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தாள்.

டாக்டர் சந்தியா ரத்தப் பரிசோதனைத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு தைலம்மாளிடம் நிதானமாகச் சொன்னார்.

"ரத்தத்துல ஒரு புரதம் இருக்கும்மா. தண்ணி வெளிய கசியாம பிடிச்சு வைக்கிறது அதுதான். ஈரல்தான் அதைச் செய்யணும். இவர் ஈரல் குடியில பாதிக்கு மேல போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதாவது வேலை செய்யணும்னா சாப்பாட்டுல சத்து வேணும். அதுக்குத்தான் போன தடவையே படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினேன், தினமும் உப்பில்லாம ரெண்டு முட்டை, வெள்ளைக்கரு மட்டும்னு. இப்ப அந்தப் புரதம் ரொம்பக் கீழ இறங்கிடுச்சு."

தைலம்மாள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டீங்களா, இல்லையா?"

தைலம்மாள் வாயைத் திறப்பதற்குள் சின்னக்கண்ணு அவள் கையைப் பற்றினான்.

"துன்னேன் மேடம். தெனம் ரெண்டு. இவதான் அவிச்சு, தோலு உரிச்சுக் குடுத்தா."

"பொய் சொல்றாரு மேடம்" என்றாள் தைலம்மாள், அந்தக் கையை விடாமல். "ஒரு முட்டை கூட நான் குடுக்கல."