பன்னிரண்டு மணி வேட்டு

வேட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தபோது, நான் சமையலறையில் பாலாடைக்கட்டித் துண்டுக்குள் அரை மாத்திரையைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

மணி பதினொன்று இருபத்தைந்து.

பூப்பா மேசைக்கு அடியில் சுருண்டு விழுந்தது. பதிமூன்று வயது நாய். போன வருஷத் திருவிழாவிலேயே உயிர் போய்த் திரும்பியது. இன்னொரு அதிர்ச்சியை இதயம் தாங்காது, வேட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மால்டாவில் நாய் வளர்ப்பவள் கோடை முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்தே காலம் தள்ள வேண்டும். ஊருக்கு ஒரு புனிதர், புனிதருக்கு ஒரு திருவிழா, திருவிழாவுக்கு வானம் கிழியும் அளவுக்கு வெடி. போதாததற்கு நான் கட்டிக்கொண்டதே ஒரு வெடிக்காரனை. பகலில் கொத்தனார் வேலை. மாலையானால் வயல் நடுவே இருக்கும் திருவிழாக் கொட்டகையில் வேட்டு கட்டுவான். கூலி கிடையாது. புனிதருக்காகவாம்.

காலையில் கிளம்பும்போது வீஸ்டின் பூப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "பன்னெண்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு திரியைக்கூடப் பத்தவைக்க மாட்டோம், சென்சா. நம்ம புள்ள மேல சத்தியம்."

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பூப்பாதான்.

பக்கத்து வீட்டு ஜூஸா மொட்டைமாடியில் நின்று கைதட்டினாள்.

"ஏய் சென்சா, இது உன் புருஷன் கைதான்டி! பக்கத்து ஊர்க்காரனுங்க தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போகட்டும்!"

தெருவே கைதட்டியது. சத்தத்தை வைத்தே யார் கட்டிய வேட்டு என்று சொல்லிவிடுகிற ஊர்.

எனக்கும் ஒரு நொடி பெருமையாக இருந்தது, மறைப்பானேன். பூப்பாவைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலே இல்லாத குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். வெளிச்சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தேன். மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளினேன். விலா எலும்புக்கு அடியில் இதயம் தாறுமாறாக ஓடியது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே வீஸ்டினைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கைபேசியை வண்டியில் விட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் போவான். அது தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. பேசிப் பதிவு செய்து அனுப்பினேன்.

"இவ சாகணும், அவ்வளவுதானே உனக்கு? இன்னைக்கு வீட்டுப் பக்கம் வந்துடாத!"

மெல்ல மூச்சு சீரானது. நாக்கில் சிவப்பு திரும்பியது. பூப்பா என் மடியில் தலைசாய்த்துக் கண்ணை மூடியது.

பிழைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

ரேடியோவில் பன்னிரண்டு மணி ஜெபம் தொடங்கியது. மீதி வேட்டுகள் இப்போது வரும். பூப்பாவின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.

சுவர் அதிரவில்லை.

பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு பத்து.

கொட்டகையை விட்டு வெளியே வந்தவன் நான் திட்டியதைக் கேட்டிருப்பான் என்று நினைத்தேன். பூப்பாவுக்காக ஊர் வேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறான், பைத்தியக்காரன். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். வரட்டும், சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ரேடியோவை அணைத்தேன்.

தெருவில் திருவிழா பாண்டு வாத்தியம் இல்லை. வயல் பக்கம் போகிற ஆம்புலன்ஸின் சத்தம் மட்டும் கேட்டது.

கதவைத் திறந்தேன். கூடத்தில் ஜூஸா நின்றிருந்தாள். எப்போதும் வாசல் கதவிலேயே இருக்கும் சாவியைத் திருகி உள்ளே வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பங்குச் சாமியார், திருவிழா அங்கியைக்கூடக் கழற்றாமல்.

ஜூஸா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே புரிந்துவிட்டது.

பதினொன்று இருபத்தைந்துக்கு வெடித்தது வேட்டு இல்லை. கொட்டகை.

அதற்குத்தான் தெருவே கைதட்டியிருக்கிறது, நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கையிலிருந்த கைபேசியைப் பார்த்தேன். நான் அனுப்பியதை அவன் கேட்கவே இல்லை.

அந்த ஒன்றுக்காக மட்டும் அன்று புனிதருக்கு நன்றி சொன்னேன்.