காற்றை நிறுத்தியவர்

சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிய முதலாளி, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆழமான மீன் வளர்ப்புத் தொட்டியைப் பார்த்ததும் அலறினார். தொட்டி நிறைய மீன்கள் செத்து மிதந்தன.

"யோவ்! காத்து மோட்டாரை யாருய்யா நிறுத்தினது?"

"நான்தாங்க" என்றார் மோட்டார்காரர். சட்டையெல்லாம் ஈரம்.

"எதுக்கு?"

"ஏதோ அசதிங்க... கை பட்டுடுச்சு."

"அசதியா? கரன்ட் போனா விழுந்தடிச்சு ஓடி ஜெனரேட்டர் போடற ஆளுய்யா நீ!"

மோட்டார்காரர் செத்த மீன்களை வலையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, மீன்களைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர் முதலாளி. சாப்பிடக்கூட வீட்டுக்குள் வராமல் தொட்டியே கதியென்று கிடப்பார். அடியில் குழாய் பதித்து, மோட்டாரால் காற்றை ஊதி, ஓயாமல் குமிழி கொப்பளிக்க விட்டிருந்தார். குமிழி மேலே ஏறும்போது அடித்தண்ணீரையும் இழுத்து வரும். அது வெளிக்காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். "மீன் வாயைத் திறக்கறதைப் பார்த்தே, மூச்சு முட்டுதான்னு சொல்லிடுவேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே. போய்யா!"

மோட்டார்காரர் வலையை ஓரமாக வைத்தார். பின்வாசலில் நின்ற முதலாளியின் மனைவியிடம், "வரேம்மா. உடம்பைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"திமிரைப் பாரு! என் குடியைக் கெடுத்துட்டு, உன்னை நலம் விசாரிக்கிறான்."

மனைவியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் முதலாளி அதைக் கவனித்தார்.

"இந்த வேளையில என்ன குளியல்?"

"குளிக்கல. தொட்டியில கிடந்தேன்."

"என்னது?"

"குமிழி ஓடற தண்ணி ஆளை மிதக்க விடாதாமே, உள்ளே போயிட்டேன். அந்த அண்ணன் மோட்டாரை நிறுத்திட்டுக் குதிச்சுத் தூக்கினாரு. எனக்கு மூச்சு வர்ற வரைக்கும் பக்கத்தை விட்டு நகரல. மோட்டாரை மறுபடி போடற நினைப்பே அவருக்கு இல்ல."

"அடப்பாவி! அவன் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே! நீ வழுக்கி விழுந்ததுக்கு அவன் ஏன் பழியைச் சுமக்கணும்?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வழுக்கி விழலைங்க. அது வெளியே தெரியக்கூடாதுன்னுதான் அந்த அண்ணன் வாயைத் திறக்கல."